பதினொரு ஜன்னல்

கல்லில் பதினோரு எழுத்து.
எட்டாவதில்தான் வழக்கு.

வாடை ஓய்ந்து கடல் படுத்த பிறகுதான்
சாம்பல்தீவுக்கு அப்பால் அந்தப் பாறையில் வள்ளம் அணையும்.
தாளை நனைத்து ஒட்டி
தூரிகையால் தட்டித் தட்டி மை ஒற்றினேன்.
முதல் தாளைக் காற்று கொண்டுபோனது.
இரண்டாவதை உவர்மலையில் கொடியில் காயப்போட,
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
உப்பு ருசி கண்டு ஓரத்தை நக்கிற்று.
முதல் எழுத்து இப்போது
மானிடம்.

ஏழாவது ககரம். அந்நாளில் அது
வெறும் கூட்டல் குறி.
வள்ளக்காரர் மரியநேசன்
சிலுவையென்று தொட்டுக் கும்பிட்டார்.
நான் திருத்தவில்லை.

எட்டாவது லகரம், தூண்டில் முள் போல.
அதன் தலைமேல் ஒரு குழி.
குழி புள்ளியானால் கல்.
இல்லையென்றால் கல.
கல் என்றால் கிடக்கும்.
கல என்றால் யாரோ யாரையோ
சேரச் சொல்கிறார்.

தினித்தி நிலவியல் படித்தவள்,
உருப்பெருக்கியைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு
சிப்பி பிடித்த தடமாயிருக்கலாம் என்றாள்.
"சன்னம் மிஸ்" என்றார் மரியநேசன்,
"இந்தா, இஞ்சால இன்னும் ரெண்டு கிடக்கு."
விரலை வைத்துக் காட்டினார்.
அளவாகப் பொருந்தியது.
உச்சி வெயிலில் குழியே இல்லை.
பொழுது சரிய, உளியால் தோண்டியதுபோல் ஆழம்.

மேசைக்குத் திரும்பினால்
கணினிக்கு இந்தக் கதையொன்றும் வேண்டாம்.
ஓர் எழுத்துக்கு ஓர் எண்.
வடிவமெல்லாம் சட்டை, கழற்றிப் போடலாம்.
எனக்கு இது புதிதில்லை:
என் பெயரிலுள்ள ழகரம்
அடையாள அட்டையின் அடுத்த மொழியில் ளகரமாகி
ஆங்கிலத்தில் இன்னும் இளைத்துப் போனது.
சோதனைச் சாவடியில் பொழிலரசியை யாரும் வாசித்ததில்லை.
எண்ணைத்தான் பார்த்தார்கள்,
எண் சரியாக இருந்தது.

மூன்றாவதாகவும் ஒரு லகரம் உண்டு.
அதற்கு வால் நேர், எட்டாவதற்கு வளைவு.
இரண்டு எழுத்தா,
ஒரே எழுத்தின் இரண்டு பொழுதா?
உளிக்காரனுக்கு இடையில் பசித்திருக்கலாம்.
கைமாறி, மகன் பிடித்திருக்கலாம்.
அட்டவணையில் இருவருக்கும்
ஒரே கதிரை.
மூன்று நாள் யோசித்து
வளைவை எழுத்துருவுக்குள் ஒளித்து வைத்தேன்,
கேட்டால் மட்டும் வெளியே வரும்படி.

ஆனால் குழிக்கு?
வை, அல்லது விடு.
'இருக்கலாம்' என்பதற்கு எண் கிடையாது.

அட்டவணையின் ஓரத்தில்
எவருக்கும் எழுதிக்கொடுக்காத எண்கள் கொஞ்சம் உண்டு.
அரச காணி மாதிரி,
கம்பிவேலியும் பலகையும் இல்லாமல்.
கரண்ட் போய் வந்த ஓர் இரவில்
அங்கே ஒன்றைப் பிடித்துக் குடியிருத்தினேன்:
நிரப்பாத சிறு வளையம்.
உளி, சிப்பி, சன்னம்
மூன்றும் உள்ளே நெருக்கியடித்துப் படுத்துக்கொள்ளும்.
நாளைக்கே வேறொருவர் அதே எண்ணில்
ஒரு மீனையோ கடையின் பெயரையோ ஏற்றலாம்.
உறுதி எழுதாத காணி,
கேட்க முடியாது.

வரி முழுதையும் தட்டி
கிண்ணியாவிலிருக்கும் பஸ்மிலாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன்.
அவள் போனில் அந்த எழுத்துரு இல்லை.
"என்னடி, பதினொரு ஜன்னல் அனுப்பியிருக்கிறாய்,
ஒன்றிலும் ஆளைக் காணோம்" என்றாள்.

ஆள் இருக்கிறார், எட்டாவதில்.
தட்டிப் பார் என்றேன்.

இந்த நேரத்திலா
என்றாள்.